கிட்டங்கிப் பாயும் மூவறை வீடும்



சென்ற தவணையில் நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கதையை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் ‘திண்ணை’ என்னும் சொல் வந்தது. “வீட்டின் முன்புறம், வாசலை ஒட்டி, வருவோரும் போவோரும் அமர்வதற்காகக் கட்டிய மேடை” என்று விளக்கினேன். ஒரு மாணவன் கையை உயர்த்தி, “அது காரிடாரா டீச்சர்?” என்று வினவினான். பின்வரிசையில் இருந்த சிறுமி, “இல்லை, புளோக்குக்குக் கீழே இருக்கும் இடம்” என்றாள். இருவரையும் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகைக் காலத்து ஆசிரியராக இருந்திருந்தால் ஒரு படம் வரைந்து காட்டி முடித்திருப்பேன். அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினாவே மனத்தில் சுழன்றது. திண்ணை வேண்டுமானால் முதலில் வீடு வேண்டும். வீடு வேண்டுமானால் நிற்க மண் வேண்டும். கடல் கடந்து இத்தீவுக்கு வந்த தமிழருக்கு அந்த மண் எப்போது, எவ்வாறு வாய்த்தது? அதைப்பற்றி நான் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தமிழர் வரலாறு செங்கல்லிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1819ஆம் ஆண்டு மே மாதம், ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக இங்கு வந்தபோது ‘இந்தியானா’ என்னும் கப்பலில் அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. முதலில் அரசாங்கக் கருவூலத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். புதிதாக உருவாகும் ஊருக்கு என்ன தேவை என்பதை விரைவில் கண்டுகொண்டார். அத்தாப்புக் குடிசைகள் நிறைந்த இடத்தில் கல் கட்டடம் எழ வேண்டுமாயின் செங்கல் வேண்டுமல்லவா? செங்கற்சூளை அமைத்தார்; பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தார். இத்தீவின் முதல் கட்டடக் குத்தகையாளர் என அவரைக் குறிப்பிடுவர். துணி வணிகமும் செய்தார். 1822இல் ஏற்பட்ட தீயில் அவருடைய கடை எரிந்து கடனாளியானார். மீண்டும் எழுந்து நின்றார்.

ஊருக்கே செங்கல் கொடுத்த அவர், தம் மக்கள் கூடுவதற்கு ஒரு கோயிலுக்கு இடம் பெற நான்கு ஆண்டுகள் அலைந்தார் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் ஒதுக்கினர். அங்கு நல்ல தண்ணீர் இல்லை. பிறகு ஸ்டாம்ஃபர்டு கால்வாய் அருகே ஓரிடம் தந்தனர். அது புதிய நகரத் திட்டத்திற்கு ஒத்துவரவில்லை. இறுதியாக 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்த அந்தச் சிறு கோயில்தான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். கப்பலிலிருந்து இறங்கியவர் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை ஒதுங்கிய இடமும் அதுவே. ஆக, இங்கு வந்த பல தமிழருக்கு முதல் முகவரி கோயில் முகவரியே.

திண்ணைக்கு வருகிறேன். 1822இல் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு இட்ட கட்டளைகளுள் ஒன்று, தெருவை நோக்கிய ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரை வேய்ந்த நடைவழி இருக்க வேண்டும், அது எந்நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது. அதுதான் பின்னர் ஐந்தடி நடைவழி எனப் பெயர் பெற்றது. சிராங்கூன் சாலையிலும் பஃப்ளோ ரோட்டிலும் பழைய கடைவீடுகளின் முன் இன்றும் அதில்தான் நாம் நடக்கிறோம். பூக்கடையும் வெற்றிலைக் கடையும் அதில்தான் அமர்ந்தன. இரவானால் அறைக்குள் இடம் போதாத ஆடவர் கயிற்றுக் கட்டிலை அங்கே விரித்தனர். என் மாணவனின் விடை அவ்வளவு தவறில்லை. உரிமையாளருக்கு மட்டும் உரியதல்லாத திண்ணை ஒன்று இந்நகரில் இருநூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது.

இனி, இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் பகுதி. மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளைப்பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இங்கு வட்டித்தொழில் நடத்தியவர்கள். வங்கிகள் சிறு வணிகரைத் திரும்பியும் பாராத காலத்தில், வீட்டையும் தோட்டத்தையும் கடையையும் ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தவர்கள். சீனரும் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் அவர்களிடம் பணம் பெற்று வீடு கட்டினர். கடன் திரும்பாதபோது அந்த வீடுகளே செட்டியார் கைக்கு வந்தன. இவ்வாறு நகரின் பல தெருக்களில் அவர்களுக்குச் சொத்து இருந்தது. ஆனால் அவர்கள் வாழ்ந்தது எங்கே? கிட்டங்கியில்!

நீண்ட கூடம், இருபுறமும் ஆளுக்கொரு சிறு இடம், அங்கே ஒரு மரப்பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை, அமர்வதற்குப் பாய். அதுவே அலுவலகம். உணவுக்குப் பொதுச் சமையல். உறங்குவதும் அக்கட்டடத்திலேயே. மூன்றாண்டுக் கணக்கில் வந்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவர். மனைவி மக்களை அழைத்து வருவதில்லை. ஈட்டிய பொருள் செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூண்களாக எழுந்தது. இங்கே முருகனுக்குத்தான் நிலையான வீடு கட்டினார்கள்: 1859இல் தேங் ரோட்டில் குடமுழுக்குக் கண்ட தண்டாயுதபாணி கோயில். ஊரார் வீட்டுப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த அந்த வாழ்க்கையைச் சிக்கனம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. ‘வீடு’ என்றால் ஊரில் இருப்பது, இங்கிருப்பது ‘இடம்’. அந்தப் பாகுபாடு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கைவண்டி இழுத்தவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் அப்படித்தான் எண்ணினர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இங்கிருந்த இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள் என்னும் அளவில் இருந்தனர். குடும்பம் இல்லாத இடத்தில் வீட்டுக்கு என்ன வேலை?

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் மறைந்துவிட்டன. அவை நின்ற இடத்தில் இன்று வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன.

கூலித் தொழிலாளருக்கும் சிறு ஊழியருக்கும் வேறு வகை ஏற்பாடு. துறைமுகம், நகராட்சி, ரயில்வே, கடற்படைத் தளம் ஆகியவை தத்தம் ஊழியருக்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தன. வாடகைச் சுமை இல்லை, அல்லது மிகக் குறைவு, தண்ணீர்க் குழாய் உண்டு, பக்கத்தில் ஊர்க்காரர், கூப்பிடு தூரத்தில் கோயில். குறை ஒன்றுதான். வேலை போனால் கூரையும் போகும்.

என் தாத்தா செம்பவாங்கில் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1938இல் திறக்கப்பட்ட அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1968ஆம் ஆண்டு சனவரி மாதம், பிரித்தானியப் பிரதமர் ஹெரால்டு வில்சன் தம் படைகளை 1971ஆம் ஆண்டு இறுதிக்குள் மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். இச்செய்தி உலகச் செய்தியாக வானொலியில் வந்தது. எங்கள் குடும்பத்தில் அது வீட்டுச் செய்தி. வேலை போகுமா என்பது முதல் கவலை. எங்கே படுப்பது என்பது அடுத்த கவலை. குடியுரிமை இல்லாதவர் இங்கு வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் சட்டம் அதற்குள் வந்திருந்தது. தாத்தா குடியுரிமைக்கு மனுச் செய்யவே இல்லை. பட்டுக்கோட்டைக்கு அருகே உள்ள தம் ஊரிலிருக்கும் அரை வேலி நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சியதாக அப்பா சொல்வார். தாத்தா ஊர் திரும்பினார். முன்னரே குடியுரிமை பெற்றிருந்த அப்பா தங்கிவிட்டார்.

இங்கே கோ. சாரங்கபாணி அவர்களை நினைவுகூராமல் இருக்க இயலாது. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய அவர், 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர் தவறாது பதிந்துகொள்ள வேண்டும் என்று இதழிலும் மேடையிலும் இடைவிடாது வலியுறுத்தினார். கல்வியறிவு இல்லாத தொழிலாளர்க்கு மனுப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும் ஆள்களைத் திரட்டினார். அன்று அது அரசியல் உரிமையாக மட்டும் தெரிந்திருக்கும். அந்த ஒரு தாள் பின்னாளில் வீட்டுச் சாவியாகும் என்று அப்போது பலருக்கும் தோன்றியிராது. ஆனால் அப்படித்தான் ஆயிற்று.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளே கட்டியிருந்தது. புதிய கழகம் முதல் மூன்று ஆண்டுகளிலேயே அந்த எண்ணிக்கையை நெருங்கியது. 1961ஆம் ஆண்டு மே 25இல் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்ததும் இவ்வேகத்திற்கு ஒரு காரணம். அதுவரை எல்லாம் வாடகை வீடுகள். 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் குவீன்ஸ்டவுனில் முதன்முறையாக வீடுகள் விற்பனைக்கு வந்தன. ஈரறை வீடு 4,900 வெள்ளி. மூவறை வீடு 6,200 வெள்ளி. 1968இல் மத்திய சேமநிதியிலிருந்து தவணை செலுத்தலாம் என்னும் ஏற்பாடு வந்த பிறகுதான் தொழிலாளர்க்கு உண்மையில் கதவு திறந்தது. கையில் வாங்கும் சம்பளத்தைத் தொடாமலே வீட்டுக் கடன் அடைந்தது.

ஆனால் வாங்குபவர் குடிமகனாக இருக்க வேண்டும். குடும்பத்துடன் இருக்க வேண்டும். இந்த இரண்டாம் நிபந்தனையைப்பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். மனைவியைத் தஞ்சையில் விட்டுவிட்டு முப்பது ஆண்டுகள் இங்கு உழைத்த ஒருவர் விண்ணப்பப் படிவத்தில் தனி ஆள். அவருக்கு வீடில்லை. தேக்காவில் ஒரு கடையின் மாடியில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தயவில், தேநீர்ப் பணம் கொடுத்துப் பிடித்த ஓர் அறையில் நான்கைந்து பேராக முதுமை எய்தியவர்களை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். தனித்து வாழும் குடிமக்கள் முப்பத்தைந்து வயதுக்குமேல் மறுவிற்பனை வீடு வாங்க 1991இல் வழி பிறந்தது. அவர்களுள் பலருக்கு அது காலம் கடந்த செய்தி.

அப்பா சில ஆண்டுகள் சோங் பாங் கம்பத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, 1984இல் ஈசூனில் ஒரு மூவறை வீடு வாங்கினார். நான் தவழ்ந்த தரை கம்பத்துச் சிமெண்டுத் தரை; ஓடியாடியது ஒன்பதாம் மாடி நடைவழி. புதுமனை புகுவிழாவைப்பற்றி அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். ஊரில் என்றால் முதலில் பசுவையும் கன்றையும் வீட்டுக்குள் அழைத்து வருவார்கள். பசுவை மின்தூக்கியில் ஏற்ற இயலுமா? அதுவும் எங்கள் மாடியில் மின்தூக்கி நிற்காது; எட்டாம் மாடியில் இறங்கிப் படியேற வேண்டும். வெள்ளியில் ஒரு சிறு பசு உருவத்தை வைத்து விழாவை முடித்தார்கள். ஓமப் புகையைக் கண்டு பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வாளியில் தண்ணீருடன் ஓடிவந்தாராம். பால் பொங்கியதும் அவருக்கும் ஒரு குவளை கொடுத்தார்கள். அன்று தொடங்கிய நட்பு அப்பாட்டி மறையும்வரை நீடித்தது. வாசல் எந்தத் திசை என்று பார்க்கும் வழக்கமெல்லாம் குலுக்கலில் எண் விழுந்தவர்க்குப் பொருந்தாது. கிடைத்த திசையே நல்ல திசை.

தளத்தில் இருந்த குடும்பங்கள் பல ஈசூனுக்கே வந்தன. கான்பரா சாலையில் தள ஊழியர் வழிபட்ட புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் 1990களில் ஈசூனுக்கு இடம் பெயர்ந்தது. மக்கள் சென்ற இடத்திற்கு முருகனும் வந்தான்.

இவ்வாறு ஓரினத்தார் ஓரிடத்தில் கூடுவதைக் குறித்து அரசாங்கம் கவலை கொண்டது. 1964இல் இரு முறை இனக் கலவரம் கண்ட நாடு இது. 1989ஆம் ஆண்டு, தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் அவர்கள் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தார். அவ்வாண்டு மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டுக்கும், இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டுக்கும் மேல் இருத்தல் ஆகாது. இந்தியர்க்கான வரம்பு 2010இல் 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

என் உயர்தொடக்கநிலை மாணவர்க்குக் கணக்காகவே இதைக் கொடுக்கலாம். நூறு வீடுகள் உள்ள புளோக்கில் 87 வீடுகள் சீனருடையவை என்று கொள்க. அங்குள்ள ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்க விரும்புகிறது. நல்ல விலை தரச் சீனக் குடும்பம் ஒன்று முன்வருகிறது. விற்றால் 88 ஆகிவிடும். ஆகவே விற்க இயலாது. இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோதான் விற்க வேண்டும். வாங்குவோர் எண்ணிக்கை சுருங்க, விலையும் இறங்கும். அதே புளோக்கில் அடுத்த வீட்டுச் சீனர், சீனருக்கே விற்பதால், இத்தடை அவரைத் தீண்டாது. கலந்து வாழ வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. வாளியுடன் ஓடிவந்த பாட்டியை எனக்குத் தந்தது அத்தகைய அண்டை வாழ்வுதான். ஆயினும் அதன் விலையைச் சிறுபான்மையினரே மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தது. இது நாடாளுமன்றத்திலும் பலமுறை பேசப்பட்டது. 2022இல் ஒரு வழி செய்யப்பட்டது: பத்தாண்டுகளேனும் உரிமையாளராக இருந்து, ஆறு மாதம் முயன்றும் விற்க இயலாதோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

1990களுக்குப் பின் தமிழகத்திலிருந்து வந்த புதிய குடியேறிகளின் பாடு வேறு. முதலில் வாடகை வீடு. தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் “இந்தியருக்கு இல்லை” என்று கூறிய உரிமையாளர்கள் உண்டு. விளம்பரத்திலேயே அவ்வாறு அச்சிட்டவரும் உண்டு. நிரந்தரவாசம் கிடைத்த பிறகு மறுவிற்பனை வீடு வாங்கலாம். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அதற்கும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இவற்றைவிடச் சிக்கலானது 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த விதி. மறுவிற்பனை வீடு வாங்குவோர்க்குத் தனியார் வீடு ஏதேனும் இருப்பின், அது வெளிநாட்டில் இருந்தாலும், ஆறு மாதத்திற்குள் விட்டுவிட வேண்டும் என்றது அது. சட்டம் எழுதியவர் கண்முன் இருந்தவை முதலீட்டுக்காக வாங்கிய அடுக்குமாடி வீடுகள் போலும். தமிழரிடம் இருப்பதோ அப்பா கட்டிய வீடு. அம்மா அதில் குடியிருக்கிறார். அதை ‘விட்டுவிட’ வேண்டுமானால் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும், நேரில் செல்ல இயலாதவர் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்று பெற வேண்டும். விடுப்பு எடுத்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நின்ற ஒரு பெற்றோர், “இந்த ஊரில் ஒரு வீட்டுக்காக அந்த ஊரில் அம்மாவிடம் சாவியைக் கொடுக்கச் சொல்வது போலிருந்தது” என்று என்னிடம் கூறினார். குடியுரிமை மாறியவர்க்கு மற்றொன்றும் உண்டு. இந்தியாவில் அவர் விளைநிலம் வாங்க இயலாது, வாரிசாகப் பெறலாம். தாத்தாவின் அரை வேலி அச்சம் முற்றும் பொய்யில்லை, முற்றும் மெய்யுமில்லை.

மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நாம் ‘சொந்த வீடு’ என்று அழைப்பது 99 ஆண்டுக் குத்தகை. 2017ஆம் ஆண்டு, அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், குத்தகை முடிந்ததும் வீடு அரசாங்கத்திடமே திரும்பும் என்பதை நினைவூட்டி எழுதியபோது பலர் திடுக்கிட்டனர். பத்திரத்தில் எப்போதும் இருந்த வரிதான் அது. 1960களின் குத்தகைகள் 2060களில் முடியும். என் பெற்றோர் வீட்டுக்கு இன்னும் ஏறத்தாழ 57 ஆண்டுகள் உள்ளன. பூட்டன் காலத்து வீடு என்னும் தொடரை இங்குள்ள பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

கடந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் வந்தேன். புல்தரையில் தொழிலாளர்கள் அமர்ந்திருந்தனர். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். குடும்பத்தை அழைத்து வர இயலாது, இங்கு நிலைத்துத் தங்கவும் இயலாது. விடுதியில் அறைக்குப் பலர். ஆளுக்கொரு கட்டில், ஒரு சிறு அலமாரி. கிட்டங்கியில் மரப்பெட்டி இருந்த இடத்தில் இப்போது அலமாரி. அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் ஒருவர் நான் பேருந்துக்கு வழி கேட்டபோது பேச்சுக் கொடுத்தார். தெங்காவில் எழும் புதிய அடுக்குமாடி வீடுகளில் வேலையாம். நான் ஆசிரியர் என்று அறிந்ததும் கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினார். வயல் ஓரத்தில் லிண்டல் மட்டம்வரை எழும்பிய செங்கற் சுவர்.

“தை மாசம் தளம் போட்டுரலாம்னு இருக்கோம் அக்கா. செங்கல் வெல ஏறிப்போச்சு. அதான் பாக்கி.”

முன்புறத்தில் தாழ்வாக ஒரு மேடை தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“திண்ணைக்கா. அப்பா உக்கார.”